பேஸ்பால் கார்டு பாக்கெட் பிரிச்ச காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க வீட்டு அலமாரி மேல பதினொரு ஷூ பெட்டி இருக்கு, உள்ள செருப்பு கிடையாது, முழுக்க பேஸ்பால் கார்டு. வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் அதைப் பாத்துட்டு ஒரே மாதிரி கேள்விதான் கேக்கறாங்க, ஊர்ல இருந்து வந்த அக்கா பசங்க, ஆபீஸ் நண்பர்கள், இப்ப என் பொண்ணும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதனால இங்க மொத்தமா எழுதி வெச்சுட்டேன். நான் திருச்சியில இருந்து 1985ல நியூயார்க் வந்தேன், அப்ப எனக்கு 8 வயசு. குவீன்ஸ்ல ஃபிளஷிங், பவுன் ஸ்ட்ரீட் பிள்ளையார் கோவிலுக்கு நடந்து போற தூரத்துல வீடு, அந்தப் பக்கம் போனா மெட்ஸ்ங்கற பேஸ்பால் டீம் அப்ப ஆடின ஷே ஸ்டேடியம். இதுல வர்றது பெரும்பாலும் 1987ல இருந்து 1990 வரைக்கும் நடந்தது.

பேஸ்பால் கார்டுன்னா என்ன? சீட்டுக்கட்டு மாதிரியா?

சைஸ் கிட்டத்தட்ட அப்படித்தான், ரெண்டரை இன்ச் அகலம், மூணரை இன்ச் உயரம், டாப்ஸ் கம்பெனி 1957ல இருந்து அதே அளவுதான் போடறாங்க. ஆனா இதை வெச்சு ரம்மி ஆட முடியாது. முன்பக்கம் ஆட்டக்காரர் போட்டோ, பின்பக்கம் அவரோட ஜாதகம்: எங்க பொறந்தாரு, எடை எவ்ளோ, எந்த வருஷம் எந்த ஊருக்கு ஆடினாரு, எத்தனை ஹிட் (பந்தை அடிச்சுட்டு ஓடி பத்திரமா பேஸ் சேந்தது), எத்தனை ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி). டாப்ஸ் அடிப்படையில புரூக்ளின்ல ஆரம்பிச்ச பபிள்கம் கம்பெனி, கம் விக்கறதுக்காக கார்டு போட்டாங்க, கடைசில கார்டுக்காக கம்மை சகிச்சுக்கற நிலைமை வந்துடுச்சு. 1987 செட்ல மொத்தம் 792 கார்டு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் உண்டு. பாக்கெட்ல எது வரும்னு யாருக்கும் தெரியாது, அங்கதான் எல்லா பைத்தியமும் ஆரம்பிக்குது.

பாக்கெட் எப்படி இருக்கும், அதைப் பிரிக்கறதுல அப்படி என்ன இருக்கு?

இப்ப வர்றது சிப்ஸ் பாக்கெட் மாதிரி ஃபாயில், கிழிச்சா முடிஞ்சுது. அப்ப வந்தது மெழுகு பேப்பர், வாக்ஸ் பாக்கெட்னே பேரு. பரிசு சாமான் சுத்தற மாதிரி மடிச்சு பின்னாடி லேசா சூடு காட்டி ஒட்டியிருப்பாங்க. கட்டை விரல் நகத்தை அந்த மடிப்புக்குள்ள விட்டா "பட்"னு ஒரு சின்ன சத்தம் வரும், உடனே கம்மோட வாசனை, சக்கரையும் அட்டையும் மையும் கலந்த மாதிரி, இதை எழுதும்போதே மூக்குல அடிக்குது.

1987 டாப்ஸ் பாக்கெட்ல 17 கார்டு, விலை 40 சென்ட். எங்க வீட்ல பாக்கெட் மணிங்கற பேச்சே கிடையாது. ஆனா நியூயார்க்ல காலி சோடா கேனைத் திருப்பிக் குடுத்தா ஒண்ணுக்கு 5 சென்ட், 1983லயே அந்தச் சட்டம் வந்துடுச்சு, அதனால என் மனசுல ஒரு பாக்கெட்டோட விலை 40 சென்ட் இல்ல, எட்டு கேன். அபார்ட்மென்ட் குப்பைத்தொட்டி, பார்க் பெஞ்ச், பக்கத்து வீட்டு பர்த்டே பார்ட்டின்னு எங்கயும் விடமாட்டேன். ஒரு தடவை ஷே ஸ்டேடியத்துக்கு வெளிய ரெண்டு பை நெறய பொறுக்கிட்டு வந்தேன், அம்மா பாத்துட்டு "டாலர் சம்பாதிக்கற ஊர்ல வந்து என் புள்ள குப்பை பொறுக்குதே"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க.

பிரிக்கற முறைன்னு ஒண்ணு ஒவ்வொருத்தனுக்கும் இருந்துது. என் கூடப் படிச்ச கொரியன் பையன் ஒருத்தன் கடை வாசல்லயே நின்னு மொத்தத்தையும் விசிறி மாதிரி விரிச்சுடுவான், ஒரே செகண்ட்ல எல்லாத்தையும் பாத்து முடிச்சுடுவான். எனக்கு அது பெரும் பாவமாத் தோணும். நான் வீட்டுக்குக் கொண்டு போய் ஃபயர் எஸ்கேப் ஜன்னல் பக்கத்துல உக்காந்து, கட்டைப் பின்பக்கம் திருப்பி வெச்சு, பின்பக்கத்துல இருக்கற நம்பரை மட்டும் பாத்து யாரா இருக்கும்னு யோசிப்பேன். டாப்ஸ்ல நூறால வகுபடற நம்பர்னா பெரிய ஸ்டார், அது எல்லா பசங்களுக்கும் தெரிஞ்ச ரகசியம். 500ன்னு பாத்தாலே வயித்துக்குள்ள என்னவோ பண்ணும், ஏன்னா 500 நியூயார்க்கோட இன்னொரு டீம் யாங்கீஸோட டான் மேட்டிங்லி. திருப்பறதுக்கு முன்னாடி அந்த ஒரு நிமிஷத்தை இழுத்து இழுத்து வெச்சுப்பேன், உள்ள கூப்பிட்டாலும் காதுல விழாது.

பபிள்கம் நல்லா இருக்குமா?

இருக்காது. ரோஸ் கலர்ல ஓடு மாதிரி ஒரு தகடு, மேல வெள்ளை மாவு தூவியிருக்கும், கடிச்சா ரெண்டா உடையும், வாய்க்குள்ள குத்தும், ஒரு நிமிஷம் இனிக்கும், அப்புறம் ரப்பர். ஆனாலும் விட்டதில்ல. அம்மாவுக்கு பெரிய கவலை அதுல என்ன கொழுப்பு போட்டிருக்கானோன்னு, அதனால கம்மை வீட்டு வாசலுக்கு முன்னாடியே முடிச்சுடுவேன், கார்டு மட்டும் உள்ள வரும்.

அந்த கம் கடைசி கார்டு மேல ஒட்டிக்கிட்டு எண்ணெய்க் கறை மாதிரி ஒரு கறை விடும். அது ஏதாவது சுமார் ஆள் கார்டா இருந்தா பரவாயில்ல, நல்ல ஆள் மேல விழுந்தா அழுகை வரும். கலெக்டர்கள் ரொம்ப புலம்பினதுல 1991க்கு அப்புறம் டாப்ஸ் பாக்கெட்ல கம் வைக்கறதையே விட்டுட்டாங்க.

இதுல ஒரு கோர்ட் கதையும் உண்டு. கம்மோட கார்டு விக்கற உரிமை டாப்ஸுக்கு மட்டுமேன்னு இருந்ததை எதிர்த்து ஃபிளியர் கம்பெனி கேஸ் போட்டு 1980ல ஜெயிச்சாங்க, 1981ல ஃபிளியரும் டான்ரஸ்ங்கற இன்னொரு கம்பெனியும் கம் வெச்சே கார்டு விட்டாங்க, அதே வருஷம் அப்பீல்ல தீர்ப்பு மாறிடுச்சு. கம் வைக்கக் கூடாதுன்னு ஆனதும் ஃபிளியர் ஸ்டிக்கர் வெச்சாங்க, டான்ரஸ் ஜிக்சா புதிர்த் துண்டு வெச்சாங்க. 1987 டான்ரஸ் புதிர் ராபர்ட்டோ கிளெமென்டே. யாருன்னே தெரியாம மூக்கும் தொப்பியும் சேத்துக்கிட்டு இருந்தேன், அப்புறம் ஸ்கூல் லைப்ரரியில போய்ப் படிச்சா, சரியா 3000 ஹிட் எடுத்த மனுஷன், நிகராகுவா பூகம்பத்துக்கு நிவாரண சாமான் ஏத்திட்டுப் போன விமானம் விழுந்து 1972 டிசம்பர் 31 அன்னிக்கு இறந்து போயிட்டாரு. என் கிளெமென்டேவுக்கு இன்னி வரைக்கும் இடது கண்ணு கிடைக்கல.

யாரு வந்தா துள்ளிக் குதிப்பீங்க?

எங்க ஏரியாவுல மெட்ஸ்காரன் எவன் வந்தாலும் சந்தோஷம்தான், 1986ல வேர்ல்ட் சீரிஸ், அதாவது அந்த வருஷ சாம்பியன் பட்டம், ஜெயிச்ச டீம். கேரி கார்ட்டர், டேரில் ஸ்ட்ராபெரி, கீத் ஹெர்னாண்டஸ். ஆனா எனக்கு சாமி பிட்சர், அதாவது பந்து போடறவர், டுவைட் குடன். 1985ல 20 வயசுல 24 மேட்ச் ஜெயிச்சு நாலுதான் தோத்தாரு, 268 பேரை ஸ்ட்ரைக் அவுட் பண்ணினாரு, அதாவது பந்தை அடிக்க விடாமலே அவுட்டாக்கினாரு. அவரோட 1987 கார்டு எனக்கு வந்தது அந்த ஏப்ரல் மாசம், அதே வாரம்தான் அவரு கொக்கெய்ன் டெஸ்ட்ல மாட்டி சிகிச்சைக்குப் போனாருன்னு டிவியில வந்துது. கார்டுல என்னடான்னா ஒண்ணுமே தெரியாத மாதிரி பந்து போட்டுக்கிட்டு இருக்காரு. எனக்கு கொக்கெய்ன்னா என்னன்னு தெரியாது. அப்பாகிட்ட கேட்டேன், அப்பா நியூஸ் சத்தத்தைக் குறைச்சுட்டு "பாவம், சின்னப் பையன்"னு மட்டும் சொன்னாரு. அந்தக் கார்டை நான் யார்கிட்டயும் மாத்தல.

வந்ததே திரும்பத் திரும்ப வந்தா?

அதுதான் டபுள்ஸ். வாரம் தவறாம வர்ற ஆளுங்க சில பேர் உண்டு, யாருக்கும் வேண்டாத பத்தாவது ரிலீஃப் பிட்சர் (நடுவுல மாத்தாளா வந்து பந்து போடறவர்), அவரு மீசையெல்லாம் மனப்பாடம். இந்த மாதிரி கார்டுங்களுக்கு காமன்ஸ்னு பேரு. துணி கிளிப்பு போட்டு சைக்கிள் சக்கரத்துல சொருகினா கம்பியில பட்டு மோட்டார் பைக் சத்தம் வரும், ரெண்டு தெரு ஓட்டினா கார்டு கந்தல்.

இன்னொண்ணு ஃபிளிப்பிங். ஒருத்தன் கார்டைச் சுழட்டிக் கீழ விடுவான், முகம் விழுந்துதா முதுகு விழுந்துதான்னு பாத்து அடுத்தவனும் அதே மாதிரி விழ வைக்கணும், விழுந்தா ரெண்டும் அவனுக்கு. நம்மூர் பம்பரம், கோலி ஆட்டத்துல இருக்கற அதே சூதுதான், அழுகையும் அதேதான். இதுல எனக்கு தனிப் பிரச்சனை ஒண்ணு இருந்துது. கார்டு எல்லாம் தரையில கிடக்கும், கால் படாம ஆட முடியாது, எங்க வீட்லயோ எழுத்து இருக்கற எது மேலயும் கால் படக்கூடாது, சரஸ்வதி. அதனால கால் பட்டதும் கை தானா கீழ போயி கார்டைத் தொட்டு கண்ணுல ஒத்திக்கும். முதல் நாள் பசங்க எல்லாம் ஆட்டத்தை நிறுத்திட்டு என்னையே பாத்தாங்க. ஒரு இத்தாலிக்காரப் பையன் "அது அதிர்ஷ்டத்துக்கா?"ன்னு கேட்டான், நானும் ஆமான்னு சொல்லி வெச்சேன், அன்னிக்குன்னு பாத்து தொடர்ந்து ஆறு தடவை ஜெயிச்சேன். அடுத்த வாரம் அந்த ஸ்கூல் மைதானத்துல பாதிப் பேரு கார்டைத் தொட்டு கண்ணுல ஒத்திக்கிட்டு இருந்தாங்க.

வீட்ல திட்டலையா?

அம்மா திட்டினாங்க, ஆனா எழுத்து இருக்கற பொருள்ங்கறதால தூக்கிப் போட மட்டும் மாட்டாங்க. அப்பா ஆரம்பத்துல சிரிச்சாரு. அவரு கவாஸ்கர் பக்தர், 1987 மார்ச்ல கவாஸ்கர் டெஸ்ட்ல பத்தாயிரம் ரன் தொட்ட சேதி ஊர்ல இருந்து சித்தப்பா ஏரோகிராம் எழுதித்தான் அவருக்கு விவரமாத் தெரிஞ்சுது, அந்த லெட்டரை மூணு வாட்டி படிச்சாரு. அந்த மனுஷன்கிட்ட போயி நான் மேட்டிங்லி கார்டை நீட்டி, 1986ல இவரு ஆவரேஜ் .352, யாங்கீஸ்ல இவரைத் தாண்டி ஆளே கிடையாதுன்னு சொன்னேன். அப்பாவுக்கு ஆவரேஜ்னா அம்பதாவது இருக்கணும். "புள்ளிக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லையேடா, இது என்ன ஆவரேஜ்?"

பின்பக்கத்தைக் காட்டினேன். 677 தடவை மட்டை பிடிச்சு 238 ஹிட். அப்பா ஒரு பழைய கவர் பின்னாடி 238ஐ 677ஆல வகுத்தாரு, பாயின்ட் மூணு, அஞ்சு, ஒண்ணு, அப்புறம் அஞ்சு, இன்னொரு அஞ்சு, அதை முழுசாக்கி .352. விடை சரியா வந்ததும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்போ பத்து தடவை போனா ஆறு தடவைக்கு மேல ஒண்ணும் கிழிக்காம திரும்பி வர்றான், இவன்தான் ஹீரோவா, இவனுக்கு லட்ச லட்சமா சம்பளமா?" சிரிப்பு தாங்கல அவருக்கு. ஆனா அன்னில இருந்து தினமும் ராத்திரி ரெண்டு கார்டு, நான் நம்பரை மூடிக்கிட்டு கேப்பேன், அப்பா கவர்ல வகுப்பாரு, அப்புறம் அப்பா மூடிக்குவாரு, நான் வகுப்பேன். என் தசமம் எல்லாம் அப்படி வந்ததுதான். அமெரிக்கா மேப்பும் அப்படித்தான், மெட்ஸ் பசங்க பெரிய டீமுக்கு வர்றதுக்கு முன்னாடி ஆடின ஊர் பேரெல்லாம் பின்னாடி இருக்கும், கிங்ஸ்போர்ட், லிஞ்ச்பர்க், டைட்வாட்டர். கிளாஸ்ல இந்த ஊர் எல்லாம் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான், கலிபோர்னியா தலைநகரம் மட்டும் தெரியாது.

தப்பா அச்சடிச்ச கார்டு வந்துதா?

எல்லாரும் பில்லி ரிப்கன்ங்கற ஆட்டக்காரர் கதையைக் கேக்கத்தான் இந்தக் கேள்வியைக் கேக்கறீங்க, தெரியும். 1989 ஃபிளியர், நம்பர் 616. மட்டையைத் தோள்ல வெச்சு போஸ் குடுக்கறாரு, மட்டையோட அடிக்குமிழ்ல பச்சை பச்சையா ஒரு கெட்ட வார்த்தை எழுதியிருக்கு, அச்சாகி கடைக்கு வந்ததுக்கு அப்புறம்தான் கவனிச்சாங்க. அப்புறம் கறுப்புக் கட்டம் போட்டாங்க, வெள்ளை பூசினாங்க, கிறுக்கினாங்க, ஒவ்வொரு மாதிரியும் தனி விலை. எனக்கு வந்தது கறுப்புக் கட்டம். என்ன எழுதியிருந்துதுன்னு பசங்க யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க, நான் போய் அப்பாகிட்ட கேட்டுத் தொலைச்சேன்.

1989 அப்பர் டெக்னு சொல்றாங்களே, அது என்ன?

அந்த வருஷம் புதுசா வந்த கம்பெனி. நல்ல வெள்ளை அட்டை, பின்னாடியும் கலர் போட்டோ, போலி பண்ண முடியாம ஒரு ஹாலோகிராம், ஃபாயில் பாக்கெட். 15 கார்டு கிட்டத்தட்ட ஒரு டாலர், என் கணக்குல இருபது கேன். முதல் நம்பர் கார்டு கென் கிரிஃபி ஜூனியர், அப்ப அவரு மேஜர் லீக்ல, அதாவது பெரிய டீமுங்க ஆடற லீக்ல, இன்னும் ஆடவே இல்ல, அவரு சேந்த சியாட்டில் டீமோட தொப்பியே போட்டோவுல கிடையாது, சின்ன லீக் தொப்பியோட எடுத்ததைக் கலர் மாத்தித்தான் போட்டாங்க. நான் மொத்தம் ஆறு பாக்கெட் பிரிச்சேன், கிரிஃபி வரல. அழகான கார்டுதான், ஆனா ஃபாயிலைக் கிழிச்சா சத்தமும் வேற, வாசனையும் இல்ல, எனக்கு என்னமோ டாக்டர் வீட்டுக்குப் போன மாதிரி இருந்துது.

ஏமாந்த கதை இருக்கா?

1989 வசந்த காலத்துல குவீன்ஸ் முழுக்க ஒரே பேச்சு, கிரெக் ஜெஃப்ரீஸ், மெட்ஸோட அடுத்த தெய்வம். நான் மார்க் மெக்வையரோட 1987 டாப்ஸைக் குடுத்து மூணு ஜெஃப்ரீஸ் வாங்கினேன். மெக்வையர் அந்த 1987லயே புது ஆட்டக்காரரா 49 ஹோம் ரன் அடிச்சவரு, இருந்தும் குடுத்தேன், ஏன்னா மூணு ஒண்ணை விட ஜாஸ்தி. 1991 டிசம்பர்ல மெட்ஸே ஜெஃப்ரீஸை கன்சாஸ் சிட்டிக்கு அனுப்பிட்டாங்க. 1998ல மெக்வையர் 70 அடிச்சப்ப நாலு மாசம் எனக்குத் தூக்கம் இல்ல, 2010ல ஸ்டீராய்டு போட்டதை அவரே ஒத்துக்கிட்டப்ப கொஞ்சம் தூக்கம் வந்துது.

இன்னொரு ஏமாத்தம் ஒரு ஹோட்டல் ஹால்ல நடந்த கார்டு ஷோவுல. பழைய வாக்ஸ் பாக்கெட்டுன்னு மூணு டாலர் குடுத்து வாங்கினேன், பிரிச்சா பட்னு சத்தம் வரல, உள்ள அத்தனையும் காமன்ஸ். முன்னாடியே பிரிச்சு நல்லதை உருவிட்டு இஸ்திரிப் பெட்டியால திரும்ப ஒட்டியிருக்கான். அறுபது கேன்.

இப்ப அதெல்லாம் கோடிக்குப் போகுமே, வித்துட வேண்டியதுதானே?

இந்தக் கேள்வி வராத நாளே இல்ல. 1952 டாப்ஸ்ல யாங்கீஸ் ஸ்டார் மிக்கி மேன்டில் கார்டு, நம்பர் 311, ஒண்ணு 2022 ஆகஸ்ட்ல 1.26 கோடி டாலருக்குப் போச்சு, உண்மைதான். ஆனா காரணத்தைப் பாருங்க. அந்த வருஷக் கடைசி வரிசைக் கார்டுங்க விக்காம கிடந்துது, அதை வடிவமைச்ச சை பெர்கரே 1960ல மீதியை எல்லாம் படகுல ஏத்திட்டுப் போயி அட்லாண்டிக்ல கொட்டினதா சொல்லியிருக்காரு. கையில இருந்ததை அம்மாங்க பெருக்கித் தள்ளிட்டாங்க. மிச்சம் இருக்கறது கொஞ்சம், அதனால விலை.

எங்க காலத்துல எல்லாருக்கும் இந்தக் கதை தெரிஞ்சுபோச்சு. ஜேம்ஸ் பெக்கெட்னு ஒரு புள்ளியியல் வாத்தியார் 1984ல விலைப் பட்டியல் பத்திரிகையே ஆரம்பிச்சுட்டாரு, மாசா மாசம் எவன் ஏறினான் எவன் இறங்கினான்னு அம்புக்குறி போட்டு வரும், பத்து வயசுப் பசங்க ஷேர் புரோக்கர் மாதிரி பேசிக்கிட்டுத் திரிஞ்சோம். யாரும் தூக்கிப் போடல, எல்லாரும் பிளாஸ்டிக் உறையில பத்திரமா வெச்சோம், கம்பெனிங்களும் மெஷின் நிக்காம அச்சடிச்சுத் தள்ளினாங்க. அதனால அந்தக் காலத்துக்கே ஜங்க் வாக்ஸ், அதாவது குப்பைப் பாக்கெட், காலம்னு பேரு வந்துடுச்சு. என் பதினொரு பெட்டியை ஒரு கடைக்காரர்கிட்ட காட்டினேன், பெட்டியைத் திறக்காம "எந்த வருஷம்?"னு கேட்டாரு, சொன்னேன், "வீட்ல இடம் இருக்குல்ல?"ன்னாரு, அவ்வளவுதான் பேச்சு.

ஊர்ல இருந்த பசங்களுக்கு இது புரிஞ்சுதா?

திருச்சியில அத்தை பையனுக்கு பபிள்கம்மோட வர்ற கிரிக்கெட் படம் சேக்கற பைத்தியம் இருந்துது, அதனால சேக்கறது புரிஞ்சுது. ஆள்தான் புரியல. ஒரு லெட்டர்ல கேரி கார்ட்டர் கார்டை வெச்சு அனுப்பினேன், பதில் வந்துது: "மாமாவுக்கு நமஸ்காரம். இந்த ஆள் ஏன் பைஜாமாவை சாக்ஸுக்குள்ள விட்டிருக்கான்?"

இப்பவும் பாக்கெட் பிரிக்கறீங்களா?

போன வருஷம் பிரிச்சேன். 1987 டாப்ஸ் முழுப் பெட்டியே, 36 பாக்கெட், இன்னும் பிரிக்காம கிடைக்குது, அவ்ளோ அச்சடிச்சிருக்காங்க. பொண்ணுக்கு ஒன்பது வயசு. நான் நகத்தை எப்படி விடணும்னு சொல்றதுக்குள்ள அவ பேப்பரைக் கிழிச்சுட்டா. மெழுகு பழசாகி "பட்" சத்தமே வரல. கம் மஞ்சளாகி, தொட்டதும் சாக்பீஸ் மாதிரி நொறுங்கிடுச்சு, அவளைத் திங்காதேன்னு சொல்லிட்டு நான் ஒரு துணுக்கை நாக்குல வெச்சுப் பாத்துட்டு சிங்க்குக்கு ஓடினேன்.

குடன் வரல, மேட்டிங்லி வரல. பத்தாவது ரிலீஃப் பிட்சர் வந்தாரு, மீசையோட, எனக்கு என்னவோ சொந்தக்காரரைப் பாத்த மாதிரி இருந்துது. கடைசிக் கார்டு, கம் கறையோட, செக்லிஸ்ட். போட்டோவே இல்லாம பேரும் நம்பரும் சின்னக் கட்டமும் மட்டும் இருக்கும், 132 பேரு, இருக்கற கார்டுக்கு டிக் அடிச்சுக்கறதுக்கு. சின்ன வயசுல இது வந்தா ஒரு கார்டு வீணாப் போச்சேன்னு கத்துவேன். அவ அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தா, எழுந்து போயி பென்சில் எடுத்துட்டு வந்தா, மேல இருக்கற பெட்டியெல்லாம் இறக்கச் சொன்னா. முதல் பேர்ல இருந்து ஒவ்வொண்ணா வாசிச்சு, "இது இருக்காப்பா?"

அன்னிக்கு ராத்திரி 96 வரைக்கும் போனோம், மறுநாள் ஸ்கூல் இருந்துது.